எந்தக் கதவை யார் தட்டுவது: குடியிருப்புகளுக்கான பேரிடர் ஆயத்த வழிகாட்டி

1995ஆம் ஆண்டு ஜனவரி 17 அன்று அதிகாலை 5.46 மணிக்கு ஜப்பானின் கோபே நகரையும் சுற்றுப்புறங்களையும் நிலநடுக்கம் உலுக்கியபோது பெரும்பாலானோர் உறக்கத்தில் இருந்தார்கள். 6,400 பேருக்கு மேல் உயிரிழந்த அந்தப் பேரிடரில், இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோரை வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாருமே. தீயணைப்பு வீரர்களும் ராணுவத்தினரும் மீட்டவர்கள் அவர்களைவிடக் குறைவு. நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்த அவாஜி தீவில் ஹொகுதான் என்றொரு சிற்றூர் உண்டு. எந்த வீட்டில் எந்த முதியவர் எந்த அறையில் படுப்பார் என்பது அங்கே அண்டை வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. அதனால் இடிந்து கிடந்த வீட்டின் எந்த மூலையைத் தோண்டுவது என்ற தயக்கம் அவர்களுக்கு ஏற்படவில்லை. சுமார் 300 பேரை வெளியே எடுத்து, காணாமல்போனவர் என்று இனி யாருமில்லை என்ற கணக்கை அன்று மாலைக்குள்ளேயே முடித்துவிட்டார்கள்.

ஆயத்தம் என்றவுடன் ஸ்ட்ரெச்சர், மெகாபோன், தலைக்கவசம், கயிறு என்று பொருள்களின் பட்டியல்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அவையும் வேண்டியவைதான். ஆனால் ஹொகுதானில் உயிர்களைக் காத்தது, யார் எங்கே படுப்பார் என்ற அந்த எளிய அறிவு. அதைப் பேரிடர் நடந்த பிறகு திரட்ட முடியாது. சாலைகள் அடைபட்டு, கைபேசிக் கோபுரங்கள் மின்சாரமின்றி ஓய்ந்து, ஒரே நேரத்தில் நூறு இடங்களிலிருந்து உதவிக்கு அழைப்பு போகும்போது, எவ்வளவு திறமையான மீட்புப் படையாலும் எல்லாத் தெருக்களுக்கும் உடனே வந்துவிட முடியாது. முதல் மூன்று நாள்களைத் தாமே சமாளிக்கும் நிலையில் குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று பல நாடுகளின் பேரிடர் மேலாண்மை அமைப்புகள் வலியுறுத்துவது இதனால்தான். ஆகவே ஒரு குடியிருப்பின் திட்டம் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, எந்தக் கதவை யார் தட்டுவது என்பதே.

சிறிய அளவில் தொடங்குதல்

இருபது முதல் முப்பது வீடுகள் கொண்ட ஒரு குழுவே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஒருவர் பத்து நிமிடத்தில் சுற்றிவரக் கூடிய, எல்லா முகங்களும் பரிச்சயமான அளவு அது. அடுக்குமாடிக் கட்டடமாக இருந்தால் ஒரு படிக்கட்டைப் பயன்படுத்தும் வீடுகளை ஒரு குழுவாகக் கொள்ளலாம். நகர் முழுவதற்கும் ஒரே குழு என்று தொடங்கினால் கூட்டங்கள் நடக்கும், தீர்மானங்கள் நிறைவேறும், ஆனால் இரவு இரண்டு மணிக்கு யார் யாரை எழுப்புவது என்பது மட்டும் தெளிவாகாது.

முதல் கூட்டத்தில் இரண்டு வேலைகளை முடித்தால் போதும். ஓர் ஒருங்கிணைப்பாளரையும், அவர் ஊரில் இல்லாதபோது பொறுப்பேற்க இரண்டு துணை ஒருங்கிணைப்பாளர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பகல் முழுவதும் குடியிருப்பிலேயே இருப்பவர் ஒருவராவது இம்மூவரில் இருக்க வேண்டும். வேலைக்குச் செல்பவர்களை மட்டுமே கொண்ட குழு, பகல் பதினொரு மணிக்கு வரும் தீ விபத்தின்போது செயலற்றுப் போகும். இரண்டாவது வேலை, வீடுவீடாகத் தகவல் திரட்டுவதற்கு எல்லோருடைய ஒப்புதலையும் பெறுவது. அதன் பிறகு உள்ளாட்சி அலுவலகம், தீயணைப்பு நிலையம், அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றுக்குக் குழு அமைந்த செய்தியை எழுத்தில் தெரிவித்து, அரசு ஏற்கெனவே அறிவித்துள்ள நிவாரண முகாம்களும் வெளியேற்றப் பாதைகளும் எவை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழுவுக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற ஆர்வத்தில் சிலர் ஆரஞ்சு நிறப் பின்னணியில் நீல முக்கோணம் வரைந்துவிடுகிறார்கள். அது குடிமைப் பாதுகாப்புக்கான பன்னாட்டுச் சின்னம். 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளுடன் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையின்படி, போர்க் காலத்தில் பொதுமக்களைக் காக்கும் பணியாளர்களுக்கும் கட்டடங்களுக்கும் பாதுகாப்புத் தருவது. உரிய அரசு அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் அதை அணிவது முறையல்ல. தூரத்திலிருந்து கண்ணில் படும் ஒரே நிற மேலங்கியே குழுவினருக்குப் போதும்.

பதிவேடு

திட்டத்தின் உயிர்நாடி இந்தப் பதிவேடுதான். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பகலில் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர், யார் எந்த அறையில் படுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர், சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர், காது கேளாதவர், கண் பார்வை குறைந்தவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, பகலில் தனியே இருக்கும் சிறுவர்கள் ஆகியோரை உரியவரின் ஒப்புதலோடு குறித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றால் யாருடைய உயிருக்கு ஆபத்து என்ற கேள்வியைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியை நம்பியிருப்பவருக்கு மின்தடையே பேரிடர். வாரத்தில் குறித்த நாள்களில் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குச் சாலை அடைபடுவதே பேரிடர். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டியவர், வலிப்பு மருந்தை ஒரு வேளையும் தவறவிடக் கூடாதவர் ஆகியோரும் இதே வரிசையில் வருவார்கள்.

இன்னொரு பட்டியலும் வேண்டும்: யாருக்கு என்ன தெரியும், யாரிடம் என்ன இருக்கிறது. செவிலியர், எலெக்ட்ரீஷியன், பிளம்பர், கொத்தனார், ஓட்டுநர், நன்றாக நீந்தத் தெரிந்தவர், சைகை மொழி அறிந்தவர் என்று ஒவ்வொரு தெருவிலும் யாராவது இருப்பார்கள். கடப்பாரை, ஏணி, மரம் அறுக்கும் ரம்பம், கார் ஜாக்கி, ஜெனரேட்டர் ஆகியவை எந்த வீட்டில் உள்ளன என்று தெரிந்தாலே பாதிப் பொருள்களைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

இத்தகவல்கள் எல்லாம் அந்தரங்கமானவை. எந்த வீட்டில் தனியே ஒரு முதியவர் இருக்கிறார் என்பது, தவறான கைக்குக் கிடைத்தால் அவருக்கே தீங்காகும். ஆகவே இதை வாட்ஸ்அப் குழுவில் பகிரக் கூடாது. தாளில் எழுதி இரண்டே படிகள் எடுத்து, ஈரம் புகாத உறையில் முத்திரையிட்டு, ஒருங்கிணைப்பாளரிடமும் ஒரு துணை ஒருங்கிணைப்பாளரிடமும் வைத்திருக்க வேண்டும். தாள் என்பதற்குக் காரணம் எளிது: கைபேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் அதைப் படிக்கலாம்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு, உதவி தேவைப்படும் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் இரண்டு பெயர்களை எழுதுங்கள். ஒருவர் பகலில் அந்தக் கதவைத் தட்டுபவர், இன்னொருவர் இரவில் தட்டுபவர். அவர்களை அந்த வீட்டுக்கே அழைத்துச் சென்று அறிமுகப்படுத்த வேண்டும். கட்டிலிலிருந்து தூக்கும்போது எந்தப் பக்கம் தாங்க வேண்டும், மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது, மாற்றுச் சாவி யாரிடம் என்பதை உரியவரே அவர்களுக்குக் காட்டட்டும். முன்பின் தெரியாத ஒருவர் இருட்டில் வந்து எழுந்து வாருங்கள் என்றால் யாரும் எளிதில் வரமாட்டார்கள்.

நடந்து பார்த்தல்

குடியிருப்பை ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவிலும் குழுவாக நடந்து பார்த்து, கையால் வரைந்த வரைபடத்தில் ஆபத்துகளைக் குறிக்க வேண்டும். மழைநீர் முதலில் தேங்கும் பள்ளம், மூடியில்லாத வடிகால், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, டிரான்ஸ்ஃபார்மர், விரிசல் விட்ட மதில், சாய்ந்து நிற்கும் மரம், கேஸ் சிலிண்டர்கள் அடுக்கியிருக்கும் இடம், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்து ஆகியவை எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். தண்ணீர் முழங்காலளவு நின்றால் வடிகால் எங்கே இருக்கிறது என்று யார் கண்ணுக்கும் தெரியாது; அதனால் வடிகாலின் இரு ஓரங்களிலும் உயரமான கம்புகளை நட்டு அடையாளமிடுவதை மழைக்காலத்துக்கு முன்பே செய்ய வேண்டும்.

ஒன்றுகூடும் இடங்களாக இரண்டைத் தேர்ந்தெடுங்கள்: தீக்கும் நிலநடுக்கத்துக்கும் கட்டடங்களிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் விலகிய ஒரு வெட்டவெளி; வெள்ளத்துக்கு உயரமான ஓர் உறுதியான கட்டடம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு 2011ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று வந்த ஆழிப்பேரலை ஒரு துயரமான சான்று. ஜப்பானின் கமாய்ஷி நகரில் உனோசுமாய் என்ற பகுதியில் ஒரு பேரிடர் தடுப்பு மையம் இருந்தது. அலை வரும்போது ஓடிச் சேர வேண்டிய இடமாக அது குறிக்கப்படவில்லை. ஆனால் மலையேற இயலாத முதியவர்களும் ஒத்திகைக்கு வரட்டும் என்று, அருகிலிருந்த அந்த மையத்திலேயே ஒத்திகைகளை நடத்தியிருந்தார்கள். உண்மையான அலை வந்த அன்று மக்கள் பழகிய இடத்துக்கே சென்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். அதே உனோசுமாயில், மேட்டை நோக்கி ஓடியே பழகியிருந்த நடுநிலைப் பள்ளி மாணவர்கள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளையும் கையைப் பிடித்து அழைத்துச் சென்று உயிர் பிழைத்தார்கள். உடல் எந்த வழியில் பழகுகிறதோ அந்த வழியில்தான் பதற்றத்தில் ஓடும். ஆகவே வசதிக்காக ஒத்திகையின் இடத்தை மாற்றவே கூடாது.

எச்சரிக்கை செய்தல்

1970ஆம் ஆண்டு நவம்பரில் வங்காள விரிகுடாப் புயல் இன்றைய வங்கதேசத்தில் குறைந்தது மூன்று லட்சம் உயிர்களைக் கொண்டுபோன பிறகு, 1972இல் அங்கே புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டது. செம்பிறைச் சங்கமும் அரசும் சேர்ந்து நடத்தும் அத்திட்டத்தில் இன்று 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஆபத்தின் அளவுக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடிகளை ஏற்றுகிறார்கள். மெகாபோனும் கையால் சுழற்றும் சைரனும் எடுத்துக்கொண்டு வீதிவீதியாகச் செல்கிறார்கள். வானொலியில் வரும் செய்தியை விட, தெரிந்த முகம் வாசலில் வந்து சொல்லும் செய்திக்கு மக்கள் செவிகொடுக்கிறார்கள் என்பதே அத்திட்டத்தின் வலிமை.

உங்கள் குடியிருப்புக்கும் இரண்டு ஓசைகளை முடிவுசெய்துகொள்ளுங்கள்: ஆயத்தமாக இருக்கச் சொல்ல ஒன்று, உடனே வெளியேறச் சொல்ல இன்னொன்று. மூன்று நீண்ட விசில்கள், இடைவிடாத மணியோசை என்று எளிதில் வேறுபடுத்தக் கூடியவையாக அவை இருக்கட்டும். வாய்மொழியாகச் சொல்லும்போது என்ன வருகிறது, எப்போது வரும், எங்கே போக வேண்டும், எந்த வழியில் போகக் கூடாது, யார் சொன்ன செய்தி என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். யார் சொன்னது என்பதை விட்டுவிட்டால் அடுத்த தெருவில் அது வதந்தியாக மாறிவிடும். வெளியேறும் முடிவை எடுக்கும் அதிகாரத்தை ஒருங்கிணைப்பாளருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது கூட்டம் கூட்டி ஆலோசிக்க நேரமிராது.

அறிவிப்புக்காகக் காத்திருக்கவே கூடாத ஓர் ஆபத்தும் உண்டு. கடலோரத்தில் நிலம் நெடுநேரமோ மிக வலுவாகவோ அதிர்ந்தால், அல்லது கடல் திடீரென உள்வாங்கினால், அந்தக் கணமே மேட்டுக்கு ஓட வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும் இந்தோனேசியாவின் சிமுலுவே தீவில் ஏறத்தாழ 78,000 மக்களில் ஏழு பேரே இறந்தார்கள். 1907இல் கண்ட அலையின் நினைவை ஸ்மாங் என்ற ஒரே சொல்லில் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லிவந்திருந்தார்கள். அந்தச் சொல் கேட்டதும் எல்லோரும் குன்றுகளுக்கு ஓடினார்கள்.

தண்ணீரும் கைப்பையும்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கிடுங்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நாள்களுக்கு 60 லிட்டர் ஆகும். 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். முதியவரால் அதை மாடிக்கு ஏற்ற முடியாது. ஆகவே ஒரு பகுதியையாவது 5 லிட்டர் கலன்களில் வையுங்கள். இருப்புத் தீர்ந்தால், துணியில் வடிகட்டிய தண்ணீரை ஒரு நிமிடம் நன்கு கொதிக்கவிடுவதே சிறந்த வழி. கொதிக்கவைக்க இயலாதபோது, 5 முதல் 6 விழுக்காடு வீரியமுள்ள, நறுமணம் சேர்க்காத திரவ பிளீச்சை லிட்டருக்கு இரண்டு சொட்டு வீதம் கலந்து 30 நிமிடம் வைக்கலாம். கலங்கல் நீராக இருந்தால் நான்கு சொட்டு. ரசாயனமோ எரிபொருளோ கலந்த நீரை இம்முறைகள் எதுவும் தூய்மையாக்காது.

வீட்டுக்கு ஒரு கைப்பை கதவருகே இருக்க வேண்டும். அடையாள ஆவணங்களின் நகல்கள், ஒரு வாரத்துக்கான மருந்துகளும் மருந்துச் சீட்டும், டார்ச், விசில், பவர் பேங்க், பாட்டரி வானொலி, மாற்றுடை, மாதவிடாய்த் துணிகள், முக்கியமான தொலைபேசி எண்களை எழுதிய தாள் ஆகியவை அதில் அடங்கும். டார்ச்சுக்குள்ளும் மெகாபோனுக்குள்ளும் பாட்டரிகளைப் போட்டே வைக்காதீர்கள். சில மாதங்களில் அவை கசிந்து, முனைகளில் வெண்பொடி படிந்து, அழுத்தினால் வெறும் கிளிக் ஓசை மட்டுமே வரும். பாட்டரிகளைத் தனி உறையில் இட்டுக் கருவியோடு சேர்த்துக் கட்டிவைப்பதே நல்லது.

ஜெனரேட்டரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. புயலில் தப்பியவர்கள் அடுத்த நாள் இரவில் உறக்கத்திலேயே அதற்குப் பலியாகிறார்கள். கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெட்டவெளியில் மட்டுமே அதை இயக்க வேண்டும்; வராந்தாவும் கார் நிறுத்துமிடமும் வெளி ஆகா.

முதல் ஒரு மணி நேரம்

தன்னார்வலர் முதலில் தம் வீட்டைப் பார்க்க வேண்டும். குழந்தையை எங்கே விட்டோம் என்ற கவலையோடு வெளியே வருபவரால் பிறருக்கு உதவ முடியாது. கேஸ் ரெகுலேட்டரையும் மெயின் சுவிட்சையும் அணைத்து, காலில் தடித்த செருப்போ ஷூவோ அணிந்த பிறகே தெருவில் இறங்க வேண்டும். நிலநடுக்கத்துக்குப் பின் பலர் காயமடைவது உடைந்த கண்ணாடியால்தான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் முன்பே இரண்டு துணிகளைக் கொடுத்துவையுங்கள். எல்லோரும் நலம் என்றால் வாசலில் பச்சைத் துணி, உதவி வேண்டும் என்றால் சிவப்பு. நிறம் பிரித்தறிய இயலாதவர்கள் இருப்பதால் சிவப்புத் துணியில் பெரிய குறுக்குக் கோடு இருக்கட்டும். சிவப்பு தொங்கும் வீட்டுக்கு முதலில் செல்வீர்கள். அதே வேகத்தில் எதுவுமே தொங்காத வீட்டுக்கும் செல்ல வேண்டும், ஏனெனில் துணி கட்டக் கூட முடியாதவர்கள் அங்கே இருக்கலாம். எல்லோரும் வெளியேறிய பிறகு துணிகளை அகற்றிவிடுங்கள். ஆளில்லாத வீடு என்று அவை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

காயமடைந்தவர்கள் பலர் இருந்தால், அதிகமாக அலறுபவரிடம் கால்கள் தாமாகவே போகும். அலறுபவரால் மூச்சுவிட முடிகிறது. அசைவற்றுக் கிடப்பவரையே முதலில் பாருங்கள். பீறிடும் ரத்தத்தை நிறுத்துவதே அந்த நேரத்தில் பயிற்சி குறைந்தவரும் செய்யக் கூடிய மிகப் பெரிய உதவி. சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இரு உள்ளங்கைகளாலும் உடல் எடை முழுவதும் இறங்க அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்துத் தொடர வேண்டும். முதலுதவி, உயிர்மீட்பு சுவாசம் ஆகியவற்றைப் படித்துக் கற்க முடியாது. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் நடத்தும் பயிற்சியில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் குறைந்தது நான்கு பேர் கலந்துகொள்ளட்டும்.

செய்யக் கூடாதவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சாய்ந்தும் தொங்கியும் நிற்கும் கட்டடத்துக்குள் நுழையாதீர்கள். பின்னதிர்வில் மீட்கப் போனவரும் சிக்கிக்கொள்வார். உள்ளே இருப்பவரின் குரல் கேட்கும் இடத்தைக் குறித்துவைத்து, பேசித் தைரியம் கொடுத்து, மீட்புப் படையினருக்குக் காட்டுங்கள். ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் நீரே ஒருவரைச் சாய்த்துவிடும், 30 சென்டிமீட்டர் பல கார்களை மிதக்கவைக்கும், 60 சென்டிமீட்டர் பெரிய வாகனங்களையும் இழுத்துச் செல்லும்.

ஒன்றுகூடும் இடத்தில் ஒருவர் எழுதுவதை மட்டுமே செய்ய வேண்டும்: எத்தனை மணிக்கு எந்த வீடு பார்க்கப்பட்டது, யார் எந்த மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார், யார் இன்னும் கணக்கில் வரவில்லை. தெருமுனையில் இன்னொருவர் நின்று, வரும் தீயணைப்பு வண்டியையோ ஆம்புலன்ஸையோ நேரே உரிய இடத்துக்கு அழைத்துவர வேண்டும்.

முகாமில் தங்க நேர்ந்தால், பன்னாட்டு மனிதநேய அமைப்புகள் பின்பற்றும் குறைந்தபட்ச அளவுகளை நினைவில் வையுங்கள்: ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், எல்லாத் தேவைகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. பெண்களின் கழிப்பறைக்கு உட்புறத் தாழ்ப்பாளும், அங்கே செல்லும் வழிக்கு இரவு விளக்கும் இல்லையென்றால், அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். முகாமைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பெண்கள் இருந்தால் இது முதல் நாளே பேசப்படும்.

ஒத்திகை

ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துங்கள்; ஒன்று கட்டாயம் இரவில் நடக்கட்டும். அறிவித்த நேரத்தில் எல்லோரும் வரிசையாக நடந்து போவது ஒத்திகையின் தொடக்கம் மட்டுமே. ஒருங்கிணைப்பாளர் இல்லை என்று வைத்துக்கொண்டு ஒருமுறை, முதன்மைப் பாதை அடைபட்டதாக வைத்துக்கொண்டு இன்னொரு முறை என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் ஏதேனும் ஒன்றைக் கெடுத்துப் பாருங்கள்.

நான் உடனிருந்த ஓர் இரவு ஒத்திகையில், தனியே வசிக்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் பொறுப்பானவர் நான்கே நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். மின்தடை என்று வைத்துக்கொண்டதால் மெயினை அணைத்திருந்தோம். அழைப்பு மணி ஒலிக்கவில்லை. கதவைத் தட்டினார், பெயர் சொல்லி அழைத்தார், பதில் இல்லை. உறங்கும்போது அந்த அம்மா காதுக் கருவியைக் கழற்றிவைத்துவிடுவார் என்பதை நாங்கள் யாரும் கேட்டு எழுதியிருக்கவில்லை. இப்போது அவருடைய பக்கத்தில், கட்டில் வடக்கு ஜன்னலை ஒட்டியிருக்கிறது, டார்ச் வெளிச்சத்தை முகத்தில் மூன்று முறை அடிக்க வேண்டும், மாற்றுச் சாவி எதிர் வீட்டில் என்று எழுதியிருக்கிறது.

ஒத்திகை முடிந்த அரை மணி நேரத்துக்குள், எல்லோரும் கலைவதற்கு முன்பே, எந்த வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தடங்கல் வந்தது என்பதைக் கேட்டு அந்தந்த வீட்டின் பக்கத்திலேயே எழுதித் தேதியிடுங்கள். குடிபோனவர்களின் பக்கத்தைக் கிழித்து அழித்துவிட்டு, புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அந்த வாரத்திலேயே பக்கம் தொடங்க வேண்டும். கதவைத் தட்டும் பொறுப்புள்ளவர் வெளியூர் செல்வதாக இருந்தால், யாரிடம் பொறுப்பை ஒப்படைத்தார் என்பதைக் கிளம்புவதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டுத்தான் செல்ல வேண்டும்.